"கவனக்குறைவு" என்று சொல்லிவிட்டால் போதுமா?

போன ஆவணியில் என் பெரியவன் ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தான். முதல் வாரம் முடிந்து தேவாரத்துக்கு வந்தவனிடம், சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே, "ஏண்டா, அங்க பெல்ட்டுக்கெல்லாம் மூடி போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லா அம்மாவும் ரூம் எப்படி, சாப்பாடு எப்படின்னு கேப்பாங்க. நீ என்னம்மா, இன்ஸ்பெக்டர் மாதிரி கேக்குற!" என்றான்.

நான் இன்ஸ்பெக்டர் இல்லை. பத்தாவது வரை படித்து, கல்யாணமாகி, அடுப்படியே கதி என்று இருப்பவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் என் சின்னம்மா.

மாவு மில்லில் போன கை

1990ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது. சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலையில் மிளகாய் வத்தல் சாக்கோடு மாவு மில்லுக்குப் போனாள். நானும் கூடவே போனேன். மில்லில் நல்ல கூட்டம். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சந்தை ஒட்டித்தான் மோட்டாரிலிருந்து மிஷினுக்கு அகலமான பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

முந்தானை சிக்கியது. அதை இழுக்கப் போன கையும் கூடவே போயிற்று. மோட்டாரை நிறுத்த ஸ்விட்ச் எங்கே என்று ஆளாளுக்கு ஓடினார்கள். அது மறுபக்கத்துச் சுவரில், மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து சின்னம்மா திரும்பி வந்தபோது வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "சேலைய இழுத்துச் சொருகிட்டுப் போகத் தெரிய வேணாமா? கவனமில்லாத பிள்ள!" மில்காரரும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார். அதோடு விஷயம் முடிந்தது.

உண்மையில் முடிந்ததா? இரண்டு வருஷம் கழித்து அதே பெல்ட்டில் ஒரு பையனின் துண்டு சிக்கி இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டு, பெல்ட்டைச் சுற்றிப் பலகையும் கம்பி வலையும் அடித்தார்கள். அரை நாள் வேலை. அதைப் பார்த்துவிட்டு வந்த சின்னம்மா, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இந்தப் பலகைய முன்னாடியே அடிச்சிருந்தா எங்கையி இருந்திருக்கும்ல, தாயி?"

இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி என் மனசில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

ஏன்? ஏன்? ஏன்?

ஒரு விபத்து நடந்தால் நாம் முதலில் கேட்பது "யாரு பண்ணினது?" என்றுதான். விபத்தை முறையாக ஆராய்பவர்கள் அப்படிக் கேட்பதில்லை, "ஏன் நடந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் ஒரு தடவையோடு விடுவதில்லை. ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்: எது கெட்டாலும் ஐந்து தடவை "ஏன்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

என் சின்னம்மா விஷயத்தில் அப்படிக் கேட்டுப் பார்க்கலாமே!

கை ஏன் போயிற்று? முந்தானை பெல்ட்டில் சிக்கியது. முந்தானை ஏன் சிக்கியது? பெல்ட்டுக்கு மூடி இல்லை. அதை உரசிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் ஏன் அந்த வழியில் நடந்தார்கள்? வேறு வழியில் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். காயம் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று? மிஷினை உடனே நிறுத்த முடியவில்லை; ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. இதையெல்லாம் ஏன் யாரும் சரிசெய்யவில்லை? "இத்தன வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற எண்ணம்தான்.

பார்த்தீர்களா? "கவனமில்லாத பிள்ளை" என்ற முதல் பதிலோடு நின்றுவிட்டால், செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அடுத்த பிள்ளையையும் திட்டலாம், அவ்வளவுதான்! ஐந்தாவது கேள்வி வரை போனால், மூடி போடு, வழியை ஒழி, ஸ்விட்சை மாற்று என்று மூன்று வேலை கையில் கிடைக்கிறது. மனுஷருக்குக் கவனம் தப்புவது சகஜம். குழந்தை அழுத நினைப்பு, கடன்காரன் நினைப்பு, தூக்கம் இல்லாத கண் என்று எவ்வளவோ இருக்கிறது. கவனம் தப்பினாலும் கை தப்ப வேண்டும். அதற்குத்தான் மூடி.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்துச் சொன்னதும் அல்ல. ஓடும் பெல்ட், சக்கரம், பல் சக்கரம் இவற்றுக்கெல்லாம் பத்திரமான மறைப்பு வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஓடுகிற மிஷினைப் பரிசோதிக்கவோ எண்ணெய் விடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்டிருக்க வேண்டும், அதையும் முதலாளியே தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் ஊர் மாவு மில்லுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை!

நம் அடுப்பிலேயே ஒரு பாய்லர்

"நமக்கும் ஃபேக்டரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்கிறீர்களா? நம் வீட்டு குக்கரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஒரு குட்டி பாய்லர்தான்!

1679ஆம் வருஷம் டெனிஸ் பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு பாத்திரம் செய்தார். இறுக மூடிய அந்தப் பாத்திரத்தில் எலும்பைக்கூட மெத்தென்று வேக வைத்தார். ஆவி அதிகமாகி வெடித்துவிடக் கூடாதே என்று, எடை வைத்த ஒரு வால்வையும் அதில் பொருத்தினார். நம் குக்கர் வெயிட்டுக்கு அதுதான் பாட்டன். பிறகு வந்த ஆவி இயந்திரங்களுக்கும் பாய்லர்களுக்கும் அந்த சேஃப்டி வால்வுதான் காவல்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொழுக்குமலை மாதிரி உயரமான இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மலைக்கு வேலைக்குப் போனவர்கள், "அங்க குக்கர் இல்லாட்டி பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று சொல்வது அதனால்தான். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் சூடு 120 டிகிரி வரை போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அந்த ஆவியைத்தான் நாம் ஒரு சின்னப் பாத்திரத்துக்குள் அடைத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குகிறோம்!

அதனால்தான் அதற்கு ஒரு காவலுக்கு இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். வெயிட் முதல் காவல். வெயிட் உட்காரும் குழாயைப் பருப்புத் தோல் அடைத்துவிட்டால் அடுத்த காவல் சேஃப்டி வால்வு. சாதாரண வால்வுக்குள் சீக்கிரம் உருகும் ஈயக் கலவை இருக்கிறது. தண்ணீர் வற்றியோ வேறு எதனாலோ சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். பெரிய பாய்லர்களிலும் இதே மாதிரி உருகும் அடைப்பு உண்டு.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். என் குக்கரில் சேஃப்டி வால்வு மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை போய்விட்டது. எனக்கு எரிச்சல். பாத்திரம் ரிப்பேர் செய்கிற ஒருவர், "இனிமே போகாத மாதிரி பண்ணித் தர்றேம்மா" என்று சொல்லி ஒரு போல்ட்டைத் திருகிக் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். ஆறு மாதம் அதில்தான் சோறு பொங்கினேன். லீவுக்கு வந்த பிள்ளை மூடியைக் கழுவும்போது பார்த்துவிட்டுப் பதறிப்போனான். "அம்மா, இது வால்வே இல்ல. நீ இத்தன நாளா குண்டு வச்சுச் சமைச்சிருக்க!" என்றான்.

வால்வு ஏன் போயிற்று என்று நான் கேட்கவே இல்லை. தேய்ந்துபோன கேஸ்கட் வழியாக ஆவி கசிந்து தண்ணீர் வற்றியிருக்கிறது. வால்வு போனது கோளாறு இல்லை, சகோதரிகளே! கோளாறு இருக்கிறது என்று அது கூவிச் சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். பெரிய ஆலைகளிலும் நடப்பது பல சமயம் இதுதான். அலாரம் அடிக்கடி அடிக்கிறது என்று அணைத்து வைப்பார்கள். மூடி இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைப்பார்கள்.

நம் நாட்டில் பாய்லருக்கென்று சட்டம் வந்த கதையும் ஒரு விபத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர்களைப் பரிசோதிக்கச் சட்டம் போட்டார்கள். பிறகு 1923இல் நாடு முழுமைக்கும் இந்திய பாய்லர் சட்டம் வந்தது. பாய்லருக்குப் பதிவு எண், குறித்த காலத்தில் பரிசோதனை, சர்டிபிகேட், தேர்வு எழுதித் தேறிய ஆள் என்றெல்லாம் ஏற்பட்டது அப்படித்தான். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள்.

நெய்வேலியில் 55 நாள்

சட்டம் இருந்தும் விபத்து நடக்காமல் இல்லை. 2020ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்த சமயம். மே 7ஆம் தேதி நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தின் ஆறாவது யூனிட்டில் பாய்லர் பகுதியில் வெடிப்பு. தொழிலாளர்கள் தீக்காயமடைந்து, சிலர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். சரியாக 55 நாள் கழித்து ஜூலை 1ஆம் தேதி, அதே நிலையத்தில் பக்கத்து யூனிட்டான ஐந்தாவதில் மறுபடியும் வெடிப்பு. அன்றைக்கே 6 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக இறந்த செய்தி நாள் கணக்கில் வந்துகொண்டே இருந்தது. இறந்தவர்களில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் உண்டு.

யார்மேல் தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. விசாரணைக் குழுக்கள் அதற்காகத்தான் அமைத்தார்கள். ஆனால் ஒரு தாயாக எனக்குத் தோன்றுவது இது: முதல் விபத்து சொன்ன பாடத்தை, பக்கத்து யூனிட்டில் வேலை செய்யும் கடைசி ஆள் வரை எடுத்துப் போய்ச் சேர்ப்பதுதான் விசாரணையின் முழுப் பலன். ரிப்போர்ட் பீரோவுக்குள் இருந்தால் உயிரைக் காப்பாற்றாது.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹைன்ரிச் என்பவர் 1931இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு பெரிய காயம் நடக்கிறது என்றால், அதே மாதிரி 29 சின்னக் காயமும், யாருக்கும் அடிபடாமல் தப்பிய 300 சம்பவங்களும் அதற்குக் கீழே இருக்கும் என்றார். இந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அதிலுள்ள விஷயம் பெரியது. "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று நாம் பெருமூச்சு விடும் ஒவ்வொரு சம்பவமும் ஓர் எச்சரிக்கைக் கடிதம்! பிரித்துப் படிக்க வேண்டாமா?

நாலு கதவும் திறந்து கிடந்த வீடு

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை. 610ஆம் எண் தொட்டியில் இருந்த மீதைல் ஐசோசயனேட் என்ற கொடிய ரசாயனத்தோடு தண்ணீர் கலந்து, சூடேறி, சுமார் 40 டன் விஷவாயு தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் பரவியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்கள் ஓடும் வழியிலேயே விழுந்தார்கள். சில நாளுக்குள் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படியே 2,000 பேருக்கு மேல். பிறகு இறந்தவர்களையும், கண்ணும் நெஞ்சும் கெட்டவர்களையும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போகிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று என்பதில் கம்பெனி ஒன்று சொன்னது, ஆராய்ந்தவர்கள் வேறு சொன்னார்கள். அது இருக்கட்டும். இன்னொன்றைக் கவனியுங்கள். தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்கும் யந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் உயரமான குழாய், ரிப்பேருக்காகக் கழற்றிக் கிடந்தது. வாயுவைக் கழுவி விஷம் எடுக்கும் சாதனம் அந்த நேரத்துக்கு உதவவில்லை. தண்ணீர்த் திரை போதிய உயரம் எட்டவில்லை. திருடனுக்கு நாலு கதவு வைத்த வீட்டில் நாலும் ஒரே ராத்திரியில் திறந்து கிடந்தால் எப்படியோ, அப்படி!

அதற்கு முன்பே எச்சரிக்கை இல்லாமலா? 1981 டிசம்பரில் அதே ஆலைக்குள் விஷவாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982இலிருந்து ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், ஊருக்கே ஆபத்து என்று எழுதிக்கொண்டே இருந்தார். கேட்பார் இல்லை. போபாலுக்குப் பிறகுதான் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரமான ஆலைகளுக்கென்று புதிய விதிகளும் வந்தன.

"இன்னிக்குப் போகல" என்று சொன்னால்...

வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்று ஓர் எட்டு மாடிக் கட்டடம். உள்ளே தையல் ஆலைகள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2013 ஏப்ரல் 23ஆம் தேதி தூண்களிலும் சுவரிலும் விரிசல் தெரிந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். கீழே இருந்த பாங்கும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. ஆனால் தையல்காரப் பெண்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போகும். வந்தார்கள். 24ஆம் தேதி காலை கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள்.

அந்தப் பெண்களுக்கு விரிசல் தெரியும். கண்ணால் பார்த்தவர்கள்! இருந்தும் ஏன் போனார்கள்? வீட்டில் அரிசி இல்லை என்பதும் ஒரு காரணம்தானே?

இங்கேதான் நம் பங்கு வருகிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி ஜில்லா ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிறார்கள். போடிமெட்டு வழியில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. அந்த ஜீப்பும் தொழில் சாதனம்தானே? அதன் டயரும் பிரேக்கும் தேய்ந்திருந்தால் அதுவும் யந்திரக் கோளாறுதானே?

ஒரு நாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "மதினி, டயரு மொட்டையா இருக்கு, ஆளு வேற திணிக்கிறாரு, நான் இன்னிக்குப் போகல" என்று திரும்பி வந்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு நாள் கூலி போச்சே" என்றேன். அவள் மாமியாரும் அதையேதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குச் சின்னம்மாவின் கை ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஆறு பெண்கள் சேர்ந்து நின்றார்கள். "டயர மாத்துங்கண்ணே, ஆளக் கொறைங்க, அப்பத்தான் ஏறுவோம்" என்றார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. மூன்றாம் நாள் ஜீப் புது டயரோடு வந்தது. அந்த இரண்டு நாளும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியத் தெருவில் நாங்கள் நாலு பேர் அரிசி கொடுத்தோம். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு இரண்டு படி அரிசி, அவ்வளவுதான்.

உதவப் போகிறவர் கவனத்துக்கு

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீப்பிடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆலையில் வேலை செய்தவர்களைவிட, உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள் பலர். முதல் வெடிப்பு அடங்கியது என்று நெருங்கியபோது அடுத்த வெடிப்பு வந்தது.

கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இதே கதைதான். ஒருவர் மயங்கி விழுவார். அண்ணன் காப்பாற்ற இறங்குவார். அவரும் விழுவார். விஷவாயு உள்ளே இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. இறங்குகிறவரைக் காலைப் பிடித்தாவது தடுத்து, 101க்கோ 112க்கோ போன் பண்ணுங்கள்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலும் ஒரு விஷயம் உண்டு. விறகு அடுப்பின் புகை தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடி வெளியேறும். அந்தச் சூட்டில், 45 முதல் 55 டிகிரியில், காய் ராத்திரி பகலாக உலரும். குழாயில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று ஸ்டோருக்குள்ளோ, கதவடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டோ யாரும் தூங்கக் கூடாது.

வேலைக்குப் போகிறவரிடம் கேளுங்கள்

இரவு சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கேள்விகளைச் சாதாரணப் பேச்சாகக் கேட்டுப் பாருங்களேன்:

1. ஓடும் பெல்ட், சக்கரத்துக்கெல்லாம் மூடி இருக்கிறதா? கழற்றினால் திரும்பப் போடுகிறார்களா?

2. மிஷினை உடனே நிறுத்தும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு கை போகுமா?

3. ரிப்பேர் பார்க்கும்போது கரண்டை யாரும் போட்டுவிடாதபடி மெயினில் பூட்டுப் போட்டு, சாவியை ரிப்பேர் பார்ப்பவரே வைத்துக்கொள்கிறாரா? (நம் ஊர் ஒயர்மேன் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாரே, அதே யோசனைதான்.)

4. இந்த வாரம் "மயிரிழையில் தப்பினோம்" என்று ஏதாவது நடந்ததா? மேலே சொன்னீர்களா? என்ன செய்தார்கள்?

5. தீப்பிடித்தால் வெளியே போகும் கதவு எது? பூட்டாமல் இருக்கிறதா? 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டை ஆலையில் கதவு பூட்டிக் கிடந்ததால்தான் 146 பேரில் பலர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். அதைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, பிறகு 1933இல் அமெரிக்கத் தொழிலாளர் மந்திரியாகி, தொழிலாளர் சட்டங்களுக்காகப் பாடுபட்டார்.

தப்பித் தவறி விபத்து நடந்துவிட்டால், முதலில் சிகிச்சை. அதன் பிறகு, மிஷினைக் கழுவிச் சரிசெய்வதற்கு முன்பே அது இருந்த நிலையைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நேரம், பக்கத்தில் இருந்தவர்கள் பெயர், அன்று மிஷினில் என்ன வித்தியாசம் இருந்தது என்பதையெல்லாம் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலு நாள் ஆனால் ஞாபகம் மாறிவிடும். எழுதாத வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை, அடையாள அட்டை நகல்களை வீட்டில் ஒரு பையில் வைத்திருங்கள்.

நம் வீட்டிலும் பாருங்கள்

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்புக்குப் பாதி போதும். மூடும் முன் குழாய் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குக்கர், அதே கம்பெனி வால்வு, கேஸ்கட் மட்டும் வாங்குங்கள்.

கேஸ் சிலிண்டரின் கழுத்தருகே உள்ள பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் ஒன்றும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். சோதனைக் கெடு அது. தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906க்குப் போன் செய்யுங்கள்.

கிரைண்டரில் கை போடும் முன் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள், ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். குழந்தை சூடு பட்டுக்கொண்டால் "ஏன் தொட்ட?" என்று அதட்டும் முன், பால் சட்டி ஏன் அதன் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

இந்தத் தீபாவளிக்குப் பிள்ளை லீவில் வந்திருந்தான். ஒரு மிஷினில் மூடியின் திருகு கழன்று கிடந்ததைப் பார்த்து மேஸ்திரியிடம் சொன்னானாம். "சின்னப் பய சொல்றான்னு திட்டுவாரோன்னு நெனச்சேம்மா. மிஷின நிறுத்தச் சொல்லி, முடுக்கிட்டுத்தான் ஓட்டச் சொன்னாரு" என்றான். எனக்குப் பலகாரம் சுட்ட களைப்பெல்லாம் போய்விட்டது.

மறுநாள் சின்னம்மாவைப் பார்க்கப் போனோம். பிள்ளை காலில் விழுந்து எழுந்ததும், சின்னம்மா தன் இடது கையால் அவன் இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். "பத்தும் பத்திரமா இருக்கா, ராசா?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது மிஷினோடு வேலை செய்கிறார்களா? அந்தக் கேள்வியை இன்றைக்கே கேளுங்கள்.